வழக்கிலுள்ள பொருளும் வருமான வரியும்

(சாத்தாங்காட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எண்ணூர், மணலி, சாத்தாங்காடு ஆகிய இப்பகுதிகளில் ஆலைகளும் சாலைகளும் பெருகியவாற்றை நாம் அறிவோம். இத்தகைய காரியங்களுக்கு அரசினர் நிலத்தை எடுக்குங்கால், நிலமுடையார் நஷ்டஈடு பெறுவர். அது போதாதென்று நியாயஸ்தலத்தை அடைந்து கூடுதல் தொகை பெறுவாரும் உளர். அதனை எதிர்த்து அரசினர் மேல்முறையீடு செய்தால், கைக்கு வந்த அப்பணம் வருமானமாகுமோ? வரி செலுத்திய பின்னர்த் தீர்ப்பு மாறினால் செய்யத்தக்கது யாது? இவையே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

வங்காளத்தில் இந்துஸ்தான் ஹவுசிங் அண்டு லேண்ட் டெவலப்மெண்ட் டிரஸ்ட் என்னும் கம்பெனியின் நிலத்தை அரசினர் எடுத்தனர். மத்தியஸ்தர் உயர்த்தி விதித்த தொகையை எதிர்த்து அரசினர் வழக்காடினர். அவ்வழக்கு நிலுவையிலிருக்கும்போதே, தோற்றால் திருப்பித் தருவதாகப் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்து, 1956-இல் 7,36,691 ரூபாயைக் கம்பெனியார் பெற்றனர். வரி அதிகாரிகள் கூடுதல் நஷ்டஈட்டை வருமானமாகக் கொண்டனர். வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1986-இல் உச்ச நீதிமன்றம், தொகைக்குரிய உரிமையே வழக்கில் இருப்பதால் அது வருமானமாகச் சேரவில்லை என்று தீர்த்தது.

எனினும் அத்தீர்ப்பொன்றையே நம்பியிருத்தல் கூடாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 45-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு புதிதாகச் சேர்க்கப்பெற்று, 1988 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உயர்த்தப்பட்ட நஷ்டஈடு பெற்ற ஆண்டின் மூலதன ஆதாயமாகும். நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் பெற்ற தொகையாயின், இறுதி ஆணை பிறந்த ஆண்டிற்கே உரியது என்று 2014-இல் திருத்தினர். நிலமுடையார் இறந்து, மக்கள் அத்தொகையைப் பெற்றால், வரிப்பொறுப்பும் அவர்களையே சாரும்.

இனி, வரி செலுத்திய பின் நீதிமன்றம் தொகையைக் குறைத்ததாகக் கொள்வோம். ரிட்டர்ன் என வழங்கும் வருமான அறிக்கையைத் திருத்திக் கொடுத்தால் போதும் என்று பலர் எண்ணுவர். அவ்வழி, அறிக்கையில் விடுபட்டதையும் பிழைபட்டதையும் உரிய தவணைக்குள் திருத்துதற்கே உரியது. வழக்கோ தவணை பார்த்து முடிவதில்லை. ஆதலின் அச்சட்டம் 155-ஆம் பிரிவின் 16-ஆம் உட்பிரிவில் வேறொரு வாயில் வைத்தது. குறைந்த தொகைக்கேற்ப அதிகாரி பழைய வரிவிதிப்பைத் திருத்துதல் வேண்டும். குறைத்த ஆணை பிறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்காண்டு அதற்குரிய காலம். சான்றாக, 2022 ஆகஸ்டில் ஆணை பிறந்தால், 2027 மார்ச் 31 வரை காலம் உண்டு.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. தம் வழக்கின் ஆண்டு எச்சட்டத்தின்பாற்படும் என்பதைக் கணக்கர் வாயிலாகத் தெளிதல் நலம்.

இவ்வாயிலை அறியாதார்க்கு நேரும் நஷ்டம் இரட்டிப்பு. தீர்ப்பின்படி பணத்தைத் திருப்பிக் கொடுப்பர். அதற்குச் செலுத்திய வரியையும் இழப்பர். எனவே தீர்ப்பாணை, பணம் பெற்ற சான்று, பிணைப்பத்திரம், வரி செலுத்திய ரசீது ஆகியவற்றை ஒரே கட்டாகக் கட்டி வையுங்கள். அக்கட்டு இருக்குமிடத்தை இல்லாளும் மக்களும் அறியச் செய்யுங்கள். வழக்குத் தொடுத்தவர் ஒருவராகவும் முடிவு காண்பவர் மற்றொருவராகவும் இருத்தல் உலகில் உண்டு. எழுத்தறிந்த நம் இளைஞர்கள், முதியோர் வீடுகளில் உறங்கும் இத்தகைய கட்டுகளை அவிழ்த்துப் படித்து உதவுவார்களாயின், அதுவே சங்கத்தார்க்குச் செய்யும் சிறந்த தொண்டாகும்.