கன்று நடும் முன் தண்ணீரின் வழியைப் பாருங்கள்

(அலையாத்திக் கன்று நடுவதற்காகப் பிச்சாவரம் செல்லவிருந்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம், புறப்படுவதற்கு முந்தைய நாள் பேசியதன் எழுத்து வடிவம்.)



நாளைக்குக் காலையில் பிச்சாவரம் போகிறோம். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: "எத்தனை கன்று நடப் போறோம்?" பதில் சொல்வதற்கு முன்னால் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இதழியல் படித்தபோது, உங்களைப் போலவே ஒரு குழுவாக வேறொரு கழிமுகத்துக்குப் போனோம். பேனர், தொப்பி, டி-ஷர்ட் எல்லாம் இருந்தது. கொண்டுபோன கன்றுகள் அத்தனையையும் ஒரே காலையில் நட்டு முடித்தோம். போட்டோ எடுத்தோம், ஸ்டேட்டஸ் வைத்தோம், வந்துவிட்டோம். அடுத்த வருடம் ஒரு கட்டுரைக்காக அதே இடத்துக்குப் போனேன். வெள்ளையாக உப்புப் பூத்த தரை. அதில் காய்ந்த குச்சிகள். பச்சையாக ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. படகு ஓட்டும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "கன்னு நல்ல கன்னுதான் தம்பி. தண்ணி வந்து போற வழியப் பாக்காம நட்டுட்டீங்க."

அவர் சொன்னதை விளக்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

அலையாத்தி மரம் உப்புத் தண்ணீரில் வளரும். அதற்காக எவ்வளவு உப்பையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. வெண்கண்டல் மரம் உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி நிற்கிறதே, அவை அதன் மூச்சு வேர்கள். தயவுசெய்து அவற்றை மிதிக்காதீர்கள். இத்தனை ஏற்பாடு இருந்தாலும், ஓதத்தில் தண்ணீர் ஏறவும் வேண்டும், வற்றத்தில் இறங்கவும் வேண்டும். தேங்கி நின்றால் வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். அந்த மண்ணில் இளங்கன்று கருகிப் போகும்.

பிச்சாவரத்திலும் ஒரு காலத்தில் இதுதான் நடந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் சில பத்தாண்டுகள், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போன தரை காய்ந்து தாழ்ந்து, தொட்டி மாதிரி ஆனது. உள்ளே வந்த ஓதத் தண்ணீர் திரும்பிப் போக முடியாமல் நின்றது. பிறகு அங்கே மரம் தானாக முளைக்கவில்லை.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தார்கள். முதலில் மண்வெட்டியை எடுத்தார்கள், கன்றை அப்புறம்தான் எடுத்தார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும். பெரிய வாய்க்கால் இயற்கையான ஓடையோடு சேரும். தண்ணீர் வந்து போக ஆரம்பித்தது, மண்ணில் உப்பு குறைந்தது. வாய்க்கால் சரிவில் நட்ட கன்றுகள் பிழைத்தன. அந்தப் பிச்சாவரம்தான் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் காடு யாருக்கு முக்கியம் என்று கேட்டால், முதலில் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு. இறால் குஞ்சும் நண்டும் மீனும் வேர்களுக்கு இடையில்தான் வளர்கின்றன. தண்ணீருக்குள் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் அங்கே இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகள் கடலுக்கு நேராக இருந்த ஊர்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. நாம் நடும் கன்று செத்தால் நமக்கு ஒரு நாள்தான் வீண். அவர்களுக்கு அப்படி இல்லை.

சரி, உங்கள் கேள்விக்குப் பதில். நாளைக்கு உங்களில் பாதிப் பேர் கையில் கன்றே இருக்காது. வண்டல் சேர்ந்து அடைத்துக்கொண்ட வாய்க்காலைத் தூர்வாரப் போகிறீர்கள். முகம் சுளிக்க வேண்டாம், அதுதான் முக்கியமான வேலை. மற்றவர்கள் வனத்துறை ஊழியர் காட்டும் இடத்தில் மட்டும் நடுவார்கள். சுரபுன்னை விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். அதை முனை கீழே இருக்கும்படி சேற்றில் நேராகச் செருகினால் போதும். வெண்கண்டல் கன்று நாற்றங்காலிலிருந்து பையோடு வரும். பையைப் பிரித்துவிட்டு நடுங்கள், காலிப் பைகளை எண்ணித் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அங்கே தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தெரியாத கிளையை ஒடிக்காதீர்கள், சேற்றுக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

இதைப் படிக்கும் வாசகர்களில் யாராவது உங்கள் ஊர்க் கழிமுகத்தில் நட நினைத்தால், செய்ய வேண்டியவை இவை:

• முதலில் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்றவை காப்புக்காடுகள். நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது.

• ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் ஓத நேரத்தைப் பார்த்து, தண்ணீர் வற்றும் நேரத்துக்குத் திட்டமிடுங்கள்.

• ஊர் மீனவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்க தண்ணி தேங்குமா, வடியுமா?"

• நட்டதும் செல்போனில் லொகேஷனை ஆன் செய்து போட்டோ எடுங்கள். மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் அதே இடத்துக்குப் போய், பிழைத்த கன்றுகளை எண்ணுங்கள்.

அந்தக் கடைசி வேலையை என் குழு செய்யவில்லை. செய்திருந்தால் தவறு எங்கே என்று அடுத்து நடுபவர்களுக்காவது சொல்லியிருப்போம். நாளைய போட்டோவை ஸ்டேட்டஸில் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் இதே நாளில் இன்னொன்று வையுங்கள். அதற்காக இப்போதே செல்போனில் ஒரு ரிமைண்டர் போட்டுவிடுங்கள்.

பழைய பேண்ட், தண்ணீர் பாட்டில், தொப்பி மறக்காதீர்கள். காலையில் பஸ்ஸில் பார்ப்போம்.