முதுமையில் புரதம்: எவ்வளவு, எதிலிருந்து?

(ஸ்ரீ விஜயபுரத்தில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் அந்தமான் நிர்வாகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இளமையில் ரசாயனம் படித்தவன் என்ற ஒரே தகுதியில் இதைப் பேசத் துணிந்தேன்.

என் தமக்கை எங்கள் அகத்தில் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது; எடை 50 கிலோ. பகலில் ரசம் சாதம், இரவில் மோர் சாதம், இரு வேளை காபி. “எனக்கு இது போதும்டா” என்பார். சென்ற வருஷம் ஒரு நாள் பூஜை அறையில் மணையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, “தசை தேய்ந்திருக்கிறது. என்ன சாப்பிடுகிறார்?” என்று கேட்டார். அன்றிரவு கணக்குப் போட்டேன்.

அரிசி 150 கிராமில் புரதம் சுமார் 11 கிராம். பாலும் தயிரும் 250 மில்லியில் 8 கிராம். தெளிவு ரசத்தில் சொற்பமே. ஆக மொத்தம் 20 கிராம்தான்.

தேவை எவ்வளவு? ஐ.சி.எம்.ஆரின் 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், தானியமே பிரதானமான உணவென்றால் 1 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்பது முதுமை மருத்துவ நிபுணர்கள் பலரின் கருத்து. அக்காவுக்கு 50 கிராம் வேண்டும், பாதிகூடப் போகவில்லை.

நம் தீவுகளில் மீனுக்குப் பஞ்சமில்லை. அதைத் தொடாத நமக்குப் பருப்பு சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து வர வேண்டும். கப்பல் தாமதித்தால் சாம்பார் நீர்த்துவிடும். அந்தக் குறையைத் தேங்காயால் ஈடுகட்டுகிறோம். ஆனால் 100 கிராம் தேங்காயில் புரதம் 4 கிராம்கூட இல்லை, பெரும்பகுதி கொழுப்பே. ஆகவே பருப்பை நன்கு காயவைத்து, காற்றுப் புகாத டின்னில் இரண்டு மாதத்துக்குச் சேமித்து வையுங்கள்.

இப்போது அக்காவின் கணக்கு இது: அரிசி 200 கிராம் – புரதம் 15, துவரை, பயறு முதலிய பருப்பு 75 கிராம் – 17, பால், தயிர் 400 மில்லி – 13, வேர்க்கடலை 25 கிராம் – 6. மொத்தம் 51 கிராம்.

அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். அடை, பருப்புசிலி, பொங்கல், சுண்டல் எல்லாம் நம் பாட்டிமார்கள் ஏற்கெனவே செய்தவைதான். பல் இல்லாதவர்களுக்குக் குழைந்த பயத்தம்பருப்பு, வேர்க்கடலைப் பொடி.

ஒரு எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. மேலும், உண்பது தசையாக வேண்டுமானால் நடையும் சிறு பயிற்சியும் அவசியம்.

ஆறு மாதமாயிற்று. அக்கா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்திருக்கிறார். முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. உங்கள் அகத்துப் பெரியவர்களின் தட்டை இன்றே ஒரு முறை பாருங்கள்.