சனத்தொகைக் கணக்கும் நமது பிள்ளைகளும்

(கல்முனையில் ஆற்றிய உரை)

 

"அவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள்" என்றொரு பேச்சு இந்த நாட்டில் உண்டு. மலையகத்தில் எங்களைப் பற்றிப் பேசினார்கள். இப்போது கரையோரத்தில் உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கணக்கோடு வைத்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

ஆபிரிக்காவில் நைஜர் என்றொரு வறிய நாடு. அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு பிள்ளைகள். சனத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். ஜப்பானிலோ ஒரு பெண்ணுக்கு ஒன்றரைப் பிள்ளைகூட இல்லை. பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் 65ஐத் தாண்டியவர்கள். நைஜரில் பள்ளிக்கூடம் போதாது, ஜப்பானில் பிள்ளை இல்லாமல் பள்ளிக்கூடம் மூடுகிறார்கள். இதற்கு மதமோ இரத்தமோ காரணமல்ல. நூறு வருடத்துக்கு முன் ஜப்பானியப் பெண்களும் ஐந்து பிள்ளை பெற்றவர்கள்தான். பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்தது, பெண்கள் படித்தார்கள், வயதான காலத்துக்கு ஓய்வூதியம் வந்தது. குடும்பம் தானாகச் சிறுத்தது. "பத்துப் பெற்றால் நாலாவது தங்கும்" என்று கணக்குப் போட்ட பாட்டிமார் நம் வீடுகளிலும் இருந்தார்களே!

இலங்கை இதே பாதையில் ஓடியே வந்தது. 1934-35 மலேரியாவில் சுமார் 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு இது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு, அடுத்த வருடமே 14 ஆக விழுந்தது. டி.டி.டி. மருந்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அதில் பங்குண்டு. இறப்பு குறைந்த வேகத்தில் பிறப்பு குறையவில்லை. அதனால் 66 இலட்சமாக இருந்த நாம் 1981இல் 148 இலட்சமானோம். பிறகு இலவசக் கல்வியில் படித்த பெண்கள் பிந்திக் கல்யாணம் முடித்தார்கள். 1950களில் ஐந்துக்கு மேலிருந்த சராசரி 2016இல் 2.2 ஆகிவிட்டது. முஸ்லிம்களிடையே சற்றுக் கூடுதல்தான், மறைக்கத் தேவையில்லை. அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் உம்மம்மா எத்தனை பெற்றார், உங்கள் மகளுக்கு எத்தனை என்று வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள்.

மலையகத்தின் கணக்கு வேறு மாதிரி. 1947 தேர்தலில் எங்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். 1963இல் 11 இலட்சத்துக்கு மேலிருந்த இந்தியத் தமிழர் 1981இல் 8 இலட்சம் சொச்சம். பிள்ளை பெறாமல் குறைந்தவர்களல்ல, கப்பலேற்றிக் குறைக்கப்பட்டவர்கள்.

உங்களுக்கு 2018 பெப்ரவரி 26 இரவு மறந்திருக்காது. அம்பாறை நகரில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை போட்டதாகக் கதை கட்டி முஸ்லிம் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி. அப்படிப்பட்ட மாத்திரை உலகத்திலேயே கிடையாது. மாவுக் கட்டிக்குப் பயந்த நாட்டில், லயத்துப் பெண்களுக்குக் காசைக் காட்டிக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த காலத்தைப் பற்றி யாரும் கொதித்ததில்லை.

உண்மையில் பயப்பட வேண்டிய விசயம் வேறு. 2012இல் இந்த நாட்டில் மூன்றரை இலட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்தார்கள். 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் குறைவு. ஜப்பான் பணக்கார நாடாகிய பிறகு கிழடாயிற்று. நாம் ஏழையாகவே கிழடாகிறோம். தோட்டத்தில் ஊழியர் சேமலாப நிதி ஒரே தடவையில் கைக்கு வரும் காசு. கடனுக்கும் மகள் கல்யாணத்துக்கும் போய்விடும், மாதாமாதம் எதுவும் வராது. கரைவலை இழுப்பவருக்கும் மருதமுனையில் தறியில் இருப்பவருக்கும் பெரும்பாலும் அதுவும் இல்லை. பிள்ளைகள் கொழும்பிலும் கட்டாரிலும். ஆகவே மாத ஓய்வூதியம் என்ற கோரிக்கை மலைக்கும் கரைக்கும் ஒன்றுதான். அதைச் சேர்ந்து கேட்போம்.

இன்னொன்று. முன்பு இரண்டு பிள்ளைகள் இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு 6 வாரச் சம்பள விடுமுறைதான். 2018இல் சட்டம் திருத்தப்பட்டு எந்தப் பிள்ளைக்கும் 12 வாரம் என்றாகிவிட்டது. சில இடங்களில் இன்னும் பழைய கணக்கையே சொல்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். உங்கள் வேலைத்தலத்தில் 6 வாரம்தான் தந்தார்கள் என்றால், வாசல் மேசையில் இருக்கும் தோழியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.