தீ அணைந்த பிறகு



நான் வேதியியல் படித்தவன். அந்த நாளில் கையில் பிசுக்கு ஒட்டினால் பென்சீனை ஊற்றித்தான் கழுவுவோம். என்ன இனிப்பான வாசனை! அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், ரத்தம் உண்டாகிற இடத்தையே கெடுத்து, ரத்தப் புற்றுநோய் வரவழைக்கும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

என் விடுதித் தோழன் ஒருவன் தீயணைப்புத் துறைக்குப் போனான். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பேரைச் சொன்னால் உதைப்பான். பிளாஸ்டிக், வயர், மெத்தை எது எரிந்தாலும் புகையில் பென்சீன் உண்டு, ஃபார்மால்டிஹைடு உண்டு. கரி படிந்த சட்டையோடு வீட்டுக்கு வருவது அவனுக்குப் பெருமை. குழந்தைகள் துணியோடு சேர்த்துத்தான் அதையும் துவைத்தார்கள்.

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தது நினைவிருக்கும். நாமெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். வீரர்கள் நாள் கணக்கில் அந்தப் புகையிலேயே நின்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று முதல் பிரிவில் சேர்த்தது. அதுவரைக்கும் 'இருக்கலாம்' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. உறுதியான சான்று சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவுக்கும்தான். ரத்தம் சார்ந்தவற்றில் நான்-ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு ஓரளவு சான்று உண்டு. நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாட்டில் வேலை செய்த வீரர்களிடம், மைலோமாவுக்கு முந்தைய ரத்த மாற்றம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்ததாக 2018-இல் வந்த ஓர் ஆய்வு சொல்லியது.

நெருப்பு அணைந்ததும் 'அப்பாடா' என்று முகமூடியைக் கழற்றுகிறார்களே, அங்கேதான் வினை. கிளறுகிற சாம்பலிலும் விஷம் வந்துகொண்டே இருக்கும். கழுத்திலும் மணிக்கட்டிலும் படிந்த கரி தோல் வழியாகவும் இறங்கும். சம்பவ இடத்திலேயே உடுப்பை சோப்புத் தண்ணீரில் அலசி, கழுத்தைத் துடைத்து, நிலையத்திலேயே குளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். செலவு? ஒரு வாளித் தண்ணீர். இங்கிருந்து அந்தத் துறைக்கு அதிகாரியாகப் போகப்போகிற தம்பிமார்களே, அந்த வாளியை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஆறு மாதமாகக் களைப்பு என்கிறான் என் தோழன். நேற்று ராத்திரி, "ரத்தப் பரிசோதனை பண்ணியாச்சா?" என்று கேட்டேன். "நாளைக்குப் போறேன்டா" என்றான். மேடையிலிருந்தே கேட்கிறேன்: டேய், இன்றைக்குத்தானே அந்த நாளை?