வெயில்ல நடக்குற தொழிற்சாலை

காசிமேட்டிலிருந்தும் எண்ணூர் குப்பங்களிலிருந்தும் வேலையைப் போட்டுட்டு வந்திருக்கிற என் சொந்தங்களே!

உணவுத் தொழிலும் சுற்றுச்சூழலும்னு தலைப்பு கொடுத்திருக்காங்க. எனக்கு முன்னாடி பேசினவங்க சோலார், தண்ணி மறுசுழற்சி, பசுமைச் சான்றிதழ் எல்லாம் சொன்னாங்க. நல்லது, வரட்டும். ஆனா கரண்டே இல்லாம ஒரு உணவுத் தொழில் இந்தக் கரையில தலைமுறை தலைமுறையா நடக்குது. அதுக்குப் பேரு கருவாடு!

தட்டுங்க, நல்லா தட்டுங்க! அந்தத் தட்டு எனக்கில்ல. முன்வரிசை ஓரத்துல உக்காந்திருக்கே ஒரு அம்மா, அதுக்கு. பேரைச் சொல்லிடாதேன்னு கண்ணாலேயே மிரட்டுது. சொல்லல தாயி.

அந்தம்மா கருவாடு போடுறதைப் பாத்திருக்கீங்களா? வாளையைக் கீறி, குடலை எடுத்து, கழுவி, தொட்டியில ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு கல்லுப்பு. ராத்திரி முழுக்க ஊறும். காலையில அலசி வலைமேல பரப்பும், மதியம் புரட்டிப் போடும். கட்டைவிரலால முதுகுப்பக்கம் அமுக்கிப் பாக்கும். குழி விழுந்தா ஈரம் இருக்கு, திரும்பவும் வெயில்ல போடும். தலையும் குடலும் கோழித்தீவனத்துக்கு. புகைபோக்கி உண்டா? கழிவுக் குழாய் உண்டா? அந்தம்மாவுக்கு எந்தச் சான்றிதழை யாரு கொடுத்தா?

இந்தத் தொழிலுக்கு வேண்டியது சுத்தமான கடலும் காத்தும்தான். அதைத்தானே பறிச்சுட்டாங்க! அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆத்துல கலந்துச்சு. 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. பாரதியார் நகர் கரையில நம்ம பசங்க பக்கெட்டால அள்ளினாங்க. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வெள்ளத்தோட எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா முகத்துவாரத்துக்கே வந்துச்சு. அப்பவும் பக்கெட்டு, அப்பவும் நம்ம பசங்க கை!

அதே மாசம் 26-ஆம் தேதி. சுனாமியில போனவங்களுக்கு அன்னைக்குத்தான் விளக்கேத்துற நாள். ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா. உரத் தொழிற்சாலைக்குப் போற கடலடிக் குழாயில கசிவு. உரம் எதுக்கு? சோத்துக்கு! ஊரெல்லாம் சோறு திங்கணும்னா எங்க பிள்ளைங்க நடு ராத்திரி மூச்சு முட்டி ரோட்டுல ஓடணுமா?

இப்போ சில பேர் கிளம்பியிருக்காங்க, "கருவாடு நாறுது, காயப்போடுற களத்தை வேற எங்கியாவது மாத்துங்க"ன்னு. யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மரக்கன்னு நட்டு போட்டோ எடுத்துக்கிட்டவங்க, மறுநாள் அதுக்குத் தண்ணி ஊத்த வராதவங்க. ஐயா, அமோனியா நாறுன ராத்திரி உங்க மூக்கு எங்க இருந்துச்சு? கருவாட்டு நாத்தத்துல எவனும் ஆஸ்பத்திரியில படுத்ததில்ல!

பிளாஸ்டிக்கையும் சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1 தடை வந்துச்சு. கீரைக்காரம்மா கவர் கொடுத்தா அபராதம், ஆனா கம்பெனி சிப்ஸ் பாக்கெட்டுக்கு விலக்கு. 2020-ல விலக்கை எடுத்தாங்க. கால்வாயைப் போய்ப் பாருங்க, பாக்கெட்டு இன்னும் மிதக்குது. முன்வரிசை அம்மா கருவாட்டை இன்னைக்கும் ஓலைக்கூடையிலதான் கட்டுது.

திரும்பத் திரும்ப கருவாட்டையே சொல்றேன்னு நினைக்காதீங்க, மனசு கேக்கல. 2023-ல எண்ணெய் வந்தப்போ படகைச் சரிபண்ண 10,000 ரூபாய்னு அரசாங்கம் ஒரு கணக்கு போட்டுச்சு. வேணும்தான். ஆனா வலைமேல காயுற கருவாட்டுக்கு என்ன கணக்கு? அதுக்காகத்தான் மனு எழுதியிருக்கோம். களத்துக்குப் பட்டா வேணும், மேடை கட்டித் தரணும், எண்ணெய் வந்தா கருவாடு போடுற பொம்பளைங்களையும் நிவாரணப் பட்டியல்ல முதல்லயே சேக்கணும். மனு அந்த மேசையில இருக்கு. முதல் கையெழுத்தை முன்வரிசை அம்மா போடட்டும், வழிவிடுங்க.