ஆசான் பார்ப்பது காலை

2020-ல் ‘பட்டாஸ்’ படத்தில் தனுஷ் ஆடியதைப் பார்த்துத்தான் பலருக்கு அடிமுறை என்ற சண்டைக் கலையின் பெயரே தெரியவந்தது. குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் அது பழைய சங்கதி. தென்னந்தோப்புக்குள் மேடு பள்ளமில்லாத ஒரு துண்டு மண் தரை கிடைத்தால் போதும், அதுவே களரி. இந்தக் கலை இன்றைக்குத் தற்காப்புக்கு உதவுமா?

வடகேரளக் களரியில் மெய்ப்பயிற்சி, கோல், வாள் எல்லாம் தாண்டிப் பெரும்பாலும் கடைசியில்தான் வெறுங்கைக்கு வருவார்கள். அடிமுறையில் வெறுங்கைதான் ஆரம்பம். கம்பும் கத்தியும் பிறகு. பேருந்து நிலையத்துக்கு யாரும் கம்போடு போவதில்லையே! தற்காப்புக்காக வருபவருக்குத் தோதான வரிசை இதுதான்.

ஆனால், போன அன்றே அடிக்கச் சொல்லித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் ஒற்றைச்சுவடு. காலை எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது என்பதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். சலிப்புத் தட்டும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

அந்தச் சுவடு எதற்கு என்று பாருங்கள். ஒருவர் உங்கள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறார். கை தானாகப் பின்னால் இழுக்கும். இழுபறி என்று வந்துவிட்டால் வலுத்தவர் பக்கம்தான் வெற்றி. ஆனால் பிடித்த கையில் நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் தனியாக ஒரு பக்கம்; இரண்டும் சந்திக்கும் இடுக்குதான் நமக்கு வழி. முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டின் மெல்லிய ஓரத்தை அந்த இடுக்குக்கு நேராகத் திருப்பி, கூடவே ஒரு சுவடு பக்கவாட்டில் எடுத்து வைக்க வேண்டும். கால் நகர்ந்து இடுப்பும் திரும்பினால் மொத்த உடம்பின் கனமும் அந்த ஒற்றைக் கட்டைவிரல் மேல் இறங்கும். பிடி நழுவும். கையை மட்டும் முறுக்கினால் தோல்தான் சிவக்கும். பழுத்த ஆசான் உங்கள் குதிகால் நிற்கும் இடத்தை வைத்தே எங்கே தப்பு என்று சொல்லிவிடுவார்.

இளைஞர்களை இழுப்பதென்னவோ உடம்பின் உயிர்நிலைகளைக் குறிவைக்கும் வர்மம்தான். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது மரபுக் கணக்கு. இருட்டில், திமிறுகிற ஆளிடம், இடம் பார்த்துத் தட்டிச் சாய்ப்பதெல்லாம் சினிமாவுக்குச் சரி; தெருவில் அதை நம்பி இறங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆசான்மாரும் வர்மத்தைச் சுலபத்தில் கொடுப்பதில்லை. அவர்களில் பலர் முறிவுக்கும் சுளுக்குக்கும் கட்டுப்போடும் வைத்தியர்கள். அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறை தெரியாதவனுக்கு அடியை மட்டும் சொல்லிக்கொடுக்க அவர்கள் மனம் ஒப்பாது.

சட்டமும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தற்காத்துக்கொள்ளத் தேவைப்படுவதற்கு மேல் தீங்கு செய்ய அனுமதியில்லை. விட்டு ஓடுகிறவனைத் துரத்திப்போய் அடித்தால் வழக்கு நம் மேல் திரும்பலாம். பிடியை அழகாக விடுவித்துவிட்டு அடுத்த அடிக்குக் காத்து நிற்கும் பையனிடம், “இன்னும் எதுக்குடே நிக்க?” என்று அதட்டும் ஆசானுக்குத் தொழில் தெரியும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சில களரிகளில் ஜோடிப் பயிற்சி நாடக ஒத்திகை மாதிரி நடக்கிறது. எதிரே நிற்பவர் சொல்லிவைத்த பக்கம், சொல்லிவைத்த வேகத்தில் கை ஓங்குவார். ஜூடோவிலும் குத்துச்சண்டையிலும் எதிராளி நிஜமாகவே நம்மைத் தோற்கடிக்கப் பார்ப்பார். அந்தத் திணறல் பழகாவிட்டால் சுவடெல்லாம் மேடைக்குத்தான் ஆகும். சேர்வதற்கு முன் ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், மூத்த மாணவர்கள் விடாப்பிடியாகப் பிடித்துப் பழகுகிறார்களா என்று. பெண் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள், அவர்களைவிடக் கனமானவர்களோடு பழகவிடுவார்களா என்பதையும் ஆசானிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.