ஐந்து வருடம் ஏன் வாய் திறக்கவில்லை?

(2024 ஏப்ரலில், கொட்டாஞ்சேனையில் பேசிய பேச்சு)



மின்கட்டணத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதை எனக்குப் பின்னால் வருகிறவர் பேசுவார். மார்ச் 22ஆம் திகதி கண்டியில் ஒருவர் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறெதுவும் பேச வாய் வரவில்லை.

சொன்னவர் யார்? மைத்திரிபால சிறிசேன. 2019 ஏப்ரல் 21 அன்று இந்த நாட்டின் ஜனாதிபதி. பாதுகாப்பு அமைச்சர். பொலிஸும் அவர் கையில். என்ன சொன்னார்? உயிர்த்த ஞாயிறு தாக்குதலை உண்மையில் செய்தது யார் என்று தனக்குத் தெரியுமாம். நீதிமன்றம் கேட்டால் சொல்வாராம். ஆனால் நீதிபதிகள் அதை இரகசியமாக வைத்திருக்க வேண்டுமாம்!

தெரியுமாம்! 260க்கும் மேற்பட்ட உயிர்கள். இந்த மேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். அங்கே, கட்டுவாப்பிட்டியில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், மூன்று ஹோட்டல்களில் ஆட்கள் செத்தார்கள். சீயோனில் செத்தவர்களில் மறைக்கல்வி வகுப்புக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைக் கொல்லச் சொன்னவன் யாரென்று இவருக்குத் தெரியுமாம். அப்படித் தெரியும் என்றால், ஐயா, ஐந்து வருடம் ஏன் வாய் திறக்கவில்லை?

அவருடைய ஆட்களிடம் கேட்டால் ஒரே பாட்டு: சேர் அப்பாவி, சேருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சேருக்கு ஒன்றும் தெரியாது. நேற்றுவரை ஒன்றுமே தெரியாத மனிதருக்கு இன்றைக்கு எல்லாம் தெரியும்! (சிரிப்பு) இதில் எது பொய் என்று அவர்களே கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு வரட்டும்.

சொல்ல அவருக்கு இடமா இருக்கவில்லை? 2019 செப்டெம்பரில் விசாரணை ஆணைக்குழுவை நியமித்தவரே அவர்தான். 2020இல் அதே ஆணைக்குழுவின் முன் சாட்சியாக வந்து அமர்ந்தார். அங்கே சொன்னாரா? அந்த ஆணைக்குழு, இவர்மீதே குற்றவியல் வழக்குத் தொடுப்பதைப் பற்றிச் சட்டமா அதிபர் ஆராய வேண்டும் என்று எழுதிவைத்தது. அப்போதாவது சொன்னாரா? உயர் நீதிமன்றத்தில் ஏழு நீதியரசர்கள் அமர்ந்து வழக்குக் கேட்டார்கள். அங்கே சொன்னாரா? பாராளுமன்றத்தில் பொலன்னறுவைக்கு உறுப்பினராக இருக்கிறாரே, அங்கே என்ன பேசினாலும் வழக்கில்லையே, அங்கேயாவது சொன்னாரா? ஐந்து வருடம் ஏன் வாய் திறக்கவில்லை?

வாய் திறக்கத் தெரியாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். 2015 டிசம்பரில் என்ரிக்கே இக்லேசியாஸ் என்ற பாடகர் கொழும்புக்கு வந்தார். கச்சேரியில் சில பெண்கள் நடந்துகொண்ட விதம் ஜனாதிபதிக்குப் பிடிக்கவில்லை. நிகழ்ச்சி நடத்தியவர்களைத் திருக்கைவாலால் அடிக்க வேண்டும் என்று மேடையில் முழங்கினார். 2018இல் காத்மண்டு மாநாடு முடிந்து வரும் வழியில் ஸ்ரீலங்கன் விமானத்தில் கஜு கொடுத்தார்கள். நாய்கூடத் தின்னாத கஜு, இதை வாங்கியது யார், அனுமதி கொடுத்தது யார் என்று ஊரைக் கூட்டிக் கேட்டார். விமான நிறுவனம் பதறியடித்து அந்தக் கஜுவையே நிறுத்தியது. கஜு வாங்கியவனின் பெயர் ஊருக்கே தெரிய வேண்டும், கொலை செய்தவனின் பெயர் மட்டும் இரகசியமாக இருக்க வேண்டுமா? (கைதட்டல்)

அந்த வருடம் நவம்பரில் கலியாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போயிருந்தேன். தியாகராய நகரில் ஓர் ஆட்டோக்காரத் தம்பி, "சார் இலங்கையா? உங்க பார்லிமென்டுல மிளகாய்த்தூள் வீசினாங்களாமே, டிவியில பாத்தேன்" என்று சிரித்தான். ஒக்டோபர் 26ஆம் திகதி இரவோடிரவாக மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கி, பிறகு பாராளுமன்றத்தையே கலைத்து, நாட்டில் இரண்டு பிரதமர்களை உட்காரவைத்த கூத்தின் விளைவு அது. 2014 நவம்பரில் அதே மகிந்தவோடு இரவில் உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் அவரை எதிர்த்துப் போட்டியிடப் புறப்பட்டவர்தான் இவர்! அன்றைக்கு அந்தத் தம்பிக்குப் பதில் சொல்ல முடியாமல் வெட்கத்தில் கூனிப்போய் இருந்தேன். என் வயதுக்கும் கடவுச்சீட்டுக்கும் அந்த ஆட்டோவில் ஒரு மரியாதையும் இருக்கவில்லை.

மிளகாய்த்தூள் வீசியவன் நானில்லை. கலைத்தவரும் நானில்லை. அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்று 2018 டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அவர் தலை நிமிர்ந்துதான் திரிந்தார். நான்தான் தலை குனிந்தேன். வெட்கப்பட வேண்டியவர் வெட்கப்படாதபோது அந்த வெட்கம் காற்றில் கரைந்து போவதில்லை. அது நம் தலையில் வந்து விடிகிறது. ரொறன்ரோவில், இலண்டனில், சென்னையில் "எந்த ஊர்?" என்று கேட்கப்படும் ஒவ்வொருவரும் அதைச் சுமக்கிறோம். அதை அவர் தலையில் திருப்பி வைக்கத்தான் நான் இந்த மேடை ஏறினேன்.

பதவியில் இருப்பவன் எப்படி வெட்கப்படுவான் என்று தெரிய வேண்டுமா? சிலம்பில் வரும் பாண்டியனைக் காட்டினால் அது அரசர் காலம் என்பார்கள். 1956 நவம்பருக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றில் ரயில் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். டெல்லியில் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. பாலத்தை இடித்தவர் அவரில்லை. ரயிலை ஓட்டியவரும் அவரில்லை. "என் பொறுப்பு" என்று பதவியை விட்டுப் போனார். பிறகு அதே நாடு அவரைப் பிரதமராக்கியது. வெட்கப்படத் தெரிந்தவனை மக்கள் கைவிடுவதில்லை.

நம்முடைய கதையைப் பாருங்கள். தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியா ஏப்ரல் 4ஆம் திகதியே நம்முடைய புலனாய்வுக்குத் தகவல் கொடுத்துவிட்டது. நடுவில் பதினாறு நாள். ஜனாதிபதி திருப்பதிக்குப் போனார். அங்கிருந்து சிங்கப்பூர் போனார். போகும்போது பாதுகாப்பு அமைச்சைப் பார்க்கப் பதில் ஆளைக்கூட வைத்துவிட்டுப் போகவில்லை.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது, சிறிசேன சொந்தப் பணத்தில் 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும். ஆறு மாதத் தவணை. உடனே என்ன சொன்னார்? என்னிடம் அவ்வளவு பணமில்லை, மக்களிடம் சேர்த்துத்தான் கட்ட வேண்டும்! யாரிடம் சேர்க்கப் போகிறார்? பிள்ளையைப் பறிகொடுத்த கொச்சிக்கடைத் தாயிடமா? பிறகு 15 மில்லியனைக் கட்டிவிட்டு, மிச்சம் 85 மில்லியனை வருடம் எட்டரை மில்லியனாக 2033 வரை கட்டுகிறேன் என்று மனுப் போட்டார்.

2033! இங்கே இருக்கும் த்ரீவீலர்க்காரத் தம்பிமாரைக் கேட்கிறேன். லீசிங் இரண்டு மாதம் பிந்தினால் என்ன நடக்கும்? விடியற்காலையில் இரண்டு தடியன்கள் வந்து வாசலில் நிற்கும் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உனக்கு 2033 வரை யாராவது தவணை தந்தானா? மனைவியின் சங்கிலியை அடைவு வைத்தாயே, அந்தக் கடைக்காரன் பத்து வருடம் பொறுத்தானா?

வீட்டுக் கதையைக் கேளுங்கள். ஓய்வு பெற்ற பிறகு தான் இருக்கப்போகும் கொழும்பு 7 மாளிகைக்கு, தானே தலைமை தாங்கிய அமைச்சரவையில் அனுமதி எடுத்தார். அந்த முடிவு செல்லாது என்று இந்தப் பெப்ரவரி 29ஆம் திகதி உயர் நீதிமன்றம் அடித்துத் தள்ளியது. இந்த மாதம் 4ஆம் திகதி, தன் கட்சிக்கே தலைவராகச் செயற்படக்கூடாது என்று மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நாட்டில் இன்னும் என்ன நீதிமன்றம் மிச்சம்?

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். குண்டு வெடித்து ஒரு மாதத்துக்குள், ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பொலிஸ் பிடித்தது. குற்றம் என்ன? அவள் சட்டையில் கப்பல் சுக்கான் சக்கரம் அச்சடித்திருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று நினைத்து அவளைச் சிறையில் போட்டார்கள். அப்போது ஜனாதிபதி இவர்தான். சட்டையில் சக்கரம் இருந்தவளுக்குச் சிறை! கொலைகாரனைத் தெரியும் என்று வாயால் சொல்பவருக்கு மெய்க்காவலரும் வாகனமும்! நம் வீட்டுப் பிள்ளை ஒரு கொலையைப் பற்றித் தெரிந்தும் மறைத்தான் என்றால் கொட்டாஞ்சேனைப் பொலிஸ் அவனைச் சும்மா விடுமா?

"பழசைக் கிளறாதே, உல்லாசப் பயணி வரமாட்டான்" என்று கோட்டுப் போட்ட கனவான்கள் சிலர் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமையில் அந்தோனியார் கோவிலுக்கு வந்து பாருங்கள், கனவான்களே. திருநீறு பூசிய அம்மாவும் செபமாலை பிடித்த அம்மாவும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள். அங்கே ஒரு தாய் எனக்குச் சொன்னாள்: மகளுக்குப் பெருநாளுக்கென்று இரண்டு சட்டை எடுத்தாளாம், ஒன்றைப் போட்டுக்கொண்டு காலைப் பூசைக்குப் போனாள், மற்றது விலைத்துண்டு கழற்றாமல் இன்னும் அலுமாரியில் தொங்குகிறது. அவளிடம் போய்ச் சொல்லுங்கள், பழசைக் கிளறாதே என்று!

2015 ஜனவரி 8ஆம் திகதி இந்த மனிதருக்கு நாம் வாக்களித்தோம். வடக்கும் கிழக்கும் மலையகமும் கொழும்பும் அள்ளிக் கொடுத்தன. நல்லாட்சி என்றார், கொடுத்தோம். அதற்காக நான் வெட்கப்பட மாட்டேன், நீங்களும் வெட்கப்படாதீர்கள். அந்த வாக்குதான் இவருடைய சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்க நமக்கு இருக்கும் உரிமை.

ஆகவே கேட்கிறோம். அந்தப் பெயரை எழுதி, சத்தியக்கடதாசியாக்கி, எல்லோரும் பார்க்க நீதிமன்றத்தில் கொடுங்கள். இரகசியம் கிடையாது. செத்தவர்களின் பெயரெல்லாம் கோவிலில் கல்லில் பொறித்துக் கிடக்கிறது, கொன்றவனின் பெயருக்கு மட்டும் என்ன மறைப்பு? மிச்சப் பணத்தை 2033 வரை இழுக்காமல் கட்டுங்கள். தெரியாமலே தெரியும் என்று சொல்லியிருந்தால், செத்தவர்களை வைத்து அரசியல் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு பாராளுமன்றத்தை விட்டுப் போங்கள்.

இந்த வருடம் ஜனாதிபதித் தேர்தல் வருகிறது. சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று பேசிக்கொண்டு வேட்பாளர்கள் இந்த வீதிக்கு வருவார்கள். மாலை போட ஓடாதீர்கள். முதலில் கேளுங்கள்: நீ வென்றால் சிறிசேனவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, தெரிந்ததைச் சொல்லவைப்பாயா, மாட்டாயா? ஆம் என்று எழுத்தில் தருகிறவனுக்கு மட்டும் இந்தக் கொட்டாஞ்சேனையில் மேடை கொடுங்கள். மற்றவனெல்லாம் வந்த வழியே திரும்பிப் போகட்டும்!

(நீண்ட கைதட்டல்)